கிளப்பா, ஸ்கூல் டீமா? எங்கே அடி அதிகம்?

கார்த்தி (பிரிஸ்கோ, டெக்சஸ்)

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே கிளப்பில் சாக்கர் ஆடுகிறாள், இப்போது இசிஎன்எல் என்ற மேல்மட்டக் கிளப் லீக் அணியில் மிட்ஃபீல்ட். ஆள் ஒல்லி, உயரமும் ஐந்தடிதான். ஸ்கூல் கோச் இந்த வருடமே வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல் அணியில், எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கிளப் கோச்சிடம் சொன்னால் அவர் முகம் மாறிவிட்டது. "ஸ்கூல் சாக்கர் காட்டடி. பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் இவள் காலை உடைத்துத்தான் அனுப்புவார்கள். கல்லூரி கோச்சுகள் பார்க்க வரும்போது கட்டோடு உட்கார்ந்திருப்பாள், பரவாயில்லையா?" என்று கேட்கிறார். வீட்டில் மனைவி அவர் கட்சி. மகள் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை.

இரண்டு பக்கமும் பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஸ்கூல் ஆட்டம் அவ்வளவு முரடா? கிளப் என்றால் பாதுகாப்பா? "சாக்கரே வேண்டாம், மேத் ஒலிம்பியாட் சேருங்கள்" என்கிறவர்களுக்கு வேறு இழை இருக்கிறது.

விவேக் (சான் ஹோசே)

கோச் சொன்னதில் தப்பே இல்லை. என் பையன் எம்எல்எஸ் நெக்ஸ்ட் என்ற பையன்களுக்கான மேல்மட்டக் கிளப் லீக்கில் ஆடுகிறான். அவன் இருக்கும் மேல் பிரிவில் ஸ்கூல் டீம் பக்கமே போகக்கூடாது. இது புதிதும் இல்லை. முன்பு இருந்த டெவலப்மென்ட் அகாடமி லீக் 2012லேயே பத்து மாத சீசன் கொண்டுவந்து ஸ்கூல் ஆட்டத்துக்குத் தடை போட்டது. சும்மாவா போட்டார்கள்?

போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்காக ஒரு ஸ்கூல் மேட்ச் பார்க்கப் போனேன். பந்து புல்லில் இருந்த நேரத்தைவிட வானத்தில் இருந்த நேரம்தான் அதிகம். அணியில் பாதிப் பேர் ஓட்டப் பந்தயக்காரர்கள். வேகம் இருக்கிறது, பந்தை நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தத் தெரியாதவன் டேக்கிளுக்கு அரை நொடி தாமதமாகத்தான் வருவான், வந்து பந்துக்குப் பதிலாகக் கணுக்காலை எடுப்பான். வேண்டுமென்று இல்லை, கலைதான் அவ்வளவு.

பழைய விசில் (டல்லாஸ் பக்கம்)

கார்த்தி தம்பி, நான் இரண்டுக்கும் விசில் ஊதுகிறவன். வார நாளில் ஸ்கூல், வார இறுதியில் கிளப். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விவேக் சொன்ன தாமதமான டேக்கிள் உண்மை. ஆனால் கிளப்பில் ஃபவுல் இல்லை என்று நினைத்தால் அது வேறு கதை. பதினைந்து வயதுக்கு மேல் கிளப் பிள்ளைகள் ஃபவுல் செய்யக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். நான் பந்தைப் பார்க்கும் நேரத்தில் பின்னால் சட்டையைப் பிடிப்பது, கார்னருக்கு நிற்கும்போது பாதத்தின் மேல் ஏறி நிற்பது, எம்பும்போது முழங்கையை முன்னால் விடுவது. ஸ்கூலில் இடித்தவளே கை கொடுத்துத் தூக்கிவிட்டு "சாரி" சொல்வாள். கிளப்பில் இடித்தவள் இரண்டு கையையும் விரித்து "நானா?" என்று என்னைக் கேட்பாள். அது போக, கிளப்பில் எல்லோரும் வேகம். முழு ஓட்டத்தில் இருவர் மோதினால் அடி பலமாகத்தான் விழும்.

ஸ்கூலில் எனக்குக் கவலை தருவது வேறு இரண்டு. முதலாவது மைதானம். டெக்சஸில் ஸ்கூல் மேட்ச் பெரும்பாலும் அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் நடக்கும். அந்த ஆட்டத்துக்கான அகலம் ஐம்பத்து மூன்று கஜம் சொச்சம். சாக்கருக்கு ஹைஸ்கூல் விளையாட்டுகளின் தேசியச் சம்மேளனமான என்எஃப்எச்எஸ்ஸின் விதிப்புத்தகம் கேட்கும் குறைந்தபட்ச அகலம் 55 கஜம். புது ஸ்டேடியங்களில் இடம் தாராளமாக விட்டிருக்கிறார்கள். பழையவற்றில் கோட்டை ஓட்டப் பாதையின் விளிம்புவரை இழுத்து, மனமிருந்தால் ஆடு என்று விட்டுவிடுவார்கள். கிளப் மைதானம் எழுபது, எழுபத்தைந்து கஜம் இருக்கும். அதே இருபத்திரண்டு பேரைக் குறுகின இடத்தில் விட்டால் திரும்புகிற பக்கமெல்லாம் ஆள்தான். விங்கில் ஓடுகிற பிள்ளையை இடித்துவிட்டால் போய் விழுவது புல்லில் இல்லை, ஓட்டப் பாதையில்.

இரண்டாவது வயது. கிளப்பில் பன்னிரண்டு மாத இடைவெளிக்குள் பிறந்தவர்கள்தான் ஒன்றாக ஆடுவார்கள். வார்சிட்டியில் பதினாலும் ஆடும், பதினெட்டும் ஆடும். பெண்களில் இந்த வித்தியாசம் பையன்கள் அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தாடி வைத்த சென்டர் பேக்கிடம் போய் நின்றதைப் பார்த்து எனக்கே வயிற்றைக் கலக்கியிருக்கிறது.

ஸ்கூல் விதியில் எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. மஞ்சள் அட்டை வாங்கினால் உடனே வெளியே போக வேண்டும். மாற்று ஆளை இறக்கலாம், அவள் பிறகு திரும்பி வரலாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் கோபம் இறங்கிவிடும். கிளப்பில் அட்டையை வாங்கிக்கொண்டு அதே கொதிப்போடு அடுத்த பந்துக்கு ஓடுவார்கள். கிளப்பிலும் இதைக் கொண்டுவந்தால் பாதிச் சண்டை குறையும் என்பது என் கட்சி.

சுகந்தி (ஹூஸ்டன்)

முரடு யார் என்பதை விட, அடிபட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள் கார்த்தி. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிளப் பெயர் வேண்டாம்.

பையனுக்கு அப்போது பதினைந்து. வெளியூர் டோர்னமென்ட், ஞாயிறு காலை மேட்ச். கார்னரில் எம்பினான், எதிரணி கோல்கீப்பரின் முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தவன் உடனே எழுந்துவிட்டான். கோச் ஓரத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து "யூ குட்?" என்றார். இவன் தலையாட்டினான். உள்ளே அனுப்பிவிட்டார். பெற்றோர் எதிர்ப்பக்கக் கோட்டில் நிற்க வேண்டும் என்பது விதி. நான் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. காரில் ஏறி "நாம ஜெயிச்சோமா அம்மா?" என்று கேட்டான். அவன்தான் அன்று கோல் அடித்திருந்தான். நேரே எமர்ஜென்சிக்குப் போனோம்.

டோர்னமென்ட்டில் மருத்துவக் கூடாரம் இல்லாமல் இல்லை. பத்துப் பன்னிரண்டு மைதானத்துக்கு ஒன்று, அதுவும் பார்க்கிங் பக்கத்தில். யாராவது அழைத்துப் போனால்தான் உண்டு.

அடுத்த வருடம் ஸ்கூல் டீமில் ஒருவனோடு தலை மோதிக்கொண்டான். லேசான இடிதான். ஸ்கூலில் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர் அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கண்ணைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். கோச் வாயே திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, டெக்சஸ் சட்டம் அப்படி. நடாஷா ஹெல்மிக் என்ற சாக்கர் வீராங்கனையின் பெயரால் 2011ல் வந்தது. கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சி, என்று சந்தேகம் வந்தால் பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். சந்தேகப்படும் உரிமை கோச், டாக்டர், டிரெய்னருக்கு மட்டும் இல்லை, பெற்றோருக்கும் உண்டு. திரும்ப ஆட டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும், நாமும் கையெழுத்துப் போட வேண்டும். கோச் அனுமதி கொடுக்கவே கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் அது பள்ளிகளுக்கான சட்டம். கிளப்புகள் தங்கள் சங்க விதிப்படி நடக்க வேண்டும், காகிதத்தில் அந்த விதிகளும் நன்றாகத்தான் இருக்கும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதை நடைமுறைப்படுத்த யார் நிற்கிறார்கள்?

விவேக் (சான் ஹோசே)

அக்கா, பையன் இப்போது நன்றாக இருக்கிறான் என்று நம்புகிறேன். ஆனால் ஒரு மோசமான கோச்சை வைத்து எல்லாக் கிளப்பையும் எடை போடக்கூடாது. எங்கள் கிளப்பில் ஹோம் மேட்ச்சுக்கு டிரெய்னர் உண்டு. ஸ்கூல் சாக்கர் கன்கஷன் பற்றித்தான் ஆய்வு ஆய்வாக வருகிறது. கிளப்பைப் பற்றி அப்படி ஒன்றும் காணோமே?

பிசியோ மீனா (கேரி, நார்த் கரோலினா)

காணாததற்குக் காரணம் இருக்கிறது விவேக். ஹைஸ்கூல் விளையாட்டுக் காயங்களைப் பதிவு செய்ய 2005-06 முதல் நாடு முழுக்க ஓர் ஏற்பாடு ஓடுகிறது. பள்ளிகளின் டிரெய்னர்கள்தான் வாராவாரம் கணக்கு கொடுப்பவர்கள். கிளப்பில் எண்ணுவதற்கு ஆள் இல்லை, அதனால் அந்த அளவுக்குக் கணக்கும் இல்லை. கணக்கு இருக்கிற இடத்தில்தான் காயம் இருப்பதாகத் தோன்றும். கிளப்பையும் ஸ்கூலையும் பக்கத்தில் வைத்து இது இத்தனை சதவீதம் அதிகம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள்.

அந்தப் பள்ளிக் கணக்கை வைத்து 2015ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு பிள்ளை ஒரு பயிற்சிக்கோ மேட்ச்சுக்கோ வருவதை ஒரு தடவை என்று வைத்தால், பத்தாயிரம் தடவைக்குப் பெண்களில் 4.50 கன்கஷன், பையன்களில் 2.78. பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹெட்டர் போடும்போது, அதாவது தலையால் பந்தை முட்டும்போது, வந்தவை பெண்களில் நாலில் ஒரு பங்கு, பையன்களில் அதைவிடக் கொஞ்சம் கூட. அதிலும் பந்து பட்டதால் வந்ததைவிட, ஹெட்டருக்கு எம்பிய இருவர் மோதிக்கொண்டதால் வந்ததுதான் அதிகம். ஆகவே கார்த்தி, தலையைப் பொறுத்தவரை முரட்டு ஆட்டம் ஒரு காரணம்தான். மறுக்க மாட்டேன்.

முழங்கால் விஷயம் வேறு. என்னிடம் வரும் பெண் பிள்ளைகளில் ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிந்தவர்களிடம் "யார் இடித்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் "யாரும் இல்லை". ஓடிவந்து திசை மாற்றினாள், ஒற்றைக் காலில் இறங்கினாள், 'டக்'கென்று சத்தம் கேட்டது. சாக்கரில் பையன்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு. உங்கள் கிளப் கோச் பயப்படுகிற பன்னிரண்டாம் வகுப்புப் பெண் அந்த இடத்திலேயே இருக்க மாட்டாள்.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்அப், இருபது நிமிடம். குதித்து இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, தொடையின் பின்தசைக்கு மண்டியிட்டுச் செய்யும் பயிற்சி. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நார்வேயில் பதின்வயதுப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2008ல் வந்தது. காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மைதான வாடகை ஒன்றரை மணிநேரத்துக்கு என்றால் அதில் இருபது நிமிடத்தை இதற்குக் கொடுக்க எத்தனை கோச்சுக்கு மனசு வருகிறது? இரண்டு கோச்சிடமும் கேட்டுப் பாருங்கள். பேரைச் சொன்னதும் "அதா?" என்று இழுத்தால் வீட்டு வாசலிலேயே செய்ய வையுங்கள்.

ராம் (எடிசன், நியூ ஜெர்சி)

ஸ்கூல் டீமில் இன்னொரு ஆபத்து இருப்பதை யாரும் சொல்லவில்லையே. டெக்சஸில் ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் ஆட முடியாது என்று 1984லிருந்து சட்டம். நம் வீடுகளில் பி வாங்கினாலே அந்தச் சட்டம் அமலுக்கு வந்துவிடும்.

காவேரி (பிளேனோ)

ராம் அண்ணா, சிரித்துவிட்டேன் 😀

என் பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, வார்சிட்டி டிஃபென்டர். கார்த்தி அண்ணனின் கிளப் கோச் பயப்படும் "பெரிய அக்கா" இவள்தான்! இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் எதிரணியில் வந்தால் முதல் பத்து நிமிடம் தோளால் இடித்துப் பார்ப்பார்களாம். அது விதிப்படியே சரி, தோளோடு தோள். பந்து வந்த பிறகு நின்று யோசிக்கிறவள் விழுவாள். பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்த்து, முதல் தொடுதலிலேயே ஆளிடமிருந்து விலக்கி எடுத்துக்கொண்டு போகிறவளைத் தொடவே முடியாதாம். "கிளப்ல நல்லா ஆடுற பொண்ணுன்னா அவளுக்கு இது தெரிஞ்சிருக்கும், சொல்லுங்கம்மா" என்றாள். அவளுக்கே பயம் தருவது கோல்கீப்பர் உதைத்து உயரத்திலிருந்து இறங்கும் பந்து. நாலு பேர் மேலே பார்த்துக்கொண்டு ஓடி வருவார்கள், ஒருத்தியும் பக்கத்தில் வருகிறவளைப் பார்க்க மாட்டாள். ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பந்துக்கு முட்டப் போகாதே, கீழே விழும் இரண்டாவது பந்துக்கு நில் என்று இவள் கோச் சொல்லியிருந்தாராம்.

அம்மாவாக நான் சொல்ல வருவது மீனா அக்கா தொடாத ஒன்று. ஸ்கூல் சீசனில் செவ்வாயும் வெள்ளியும் மேட்ச், மற்ற நாள் பயிற்சி. கிளப் லீக் அப்போது நிற்கிறது, ஆனால் ஞாயிறு "விருப்பமிருந்தால் வரலாம்" என்று ஒரு பயிற்சி வைப்பார்கள். விருப்பம் என்று பெயர்தான். போகாவிட்டால் அடுத்த சீசனில் பெஞ்ச் என்று எல்லோருக்கும் பயம். ஸ்கூல் கோச்சுக்கு ஞாயிறு தெரியாது, கிளப் கோச்சுக்கு வெள்ளி தெரியாது. பத்தாம் வகுப்பில் இவளுக்குக் கணைக்கால் எலும்பில் வலி வந்தது அப்படித்தான். யாரும் இடிக்கவில்லை, தேய்ந்தது.

பிசியோ மீனா (கேரி, நார்த் கரோலினா)

காவேரி சொன்னது நான் எழுதியதைவிட முக்கியம். குழந்தை மருத்துவர் சங்கமான ஏஏபி 2016ல் சொன்ன அறிவுரை: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, ஒரே விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது விலகல், அதை ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளின் காலண்டரில் அந்த மூன்று மாதத்தைத் தேடிப் பாருங்கள். ஆகஸ்ட்டில் கிளப், டிசம்பரில் கல்லூரி கோச்சுகள் பார்க்க வரும் ஷோகேஸ், ஜனவரியில் ஸ்கூல், வசந்தத்தில் மறுபடி கிளப், ஜூனில் கேம்ப்.

டோர்னமென்ட்டும் அப்படித்தான். ஒரு வார இறுதியில் நாலு மேட்ச் எந்தத் தொழில்முறை வீரரும் ஆடுவதில்லை. ஞாயிறு மதியம் களைத்த கால் தப்பாகத்தான் இறங்கும்.

விவேக் (சான் ஹோசே)

இதில் எங்கள் ஊர் பரவாயில்லை. கலிஃபோர்னியாவில் ஸ்கூல் சீசன் நடக்கும்போது அதே விளையாட்டில் வெளி அணிக்கு ஆடக்கூடாது, மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கமான சிஐஎஃப்பின் விதி 600. பெற்றோர் திட்டுவார்கள், ஆனால் இரண்டு எஜமானர் பிரச்சினை வராது.

சரி, இரண்டு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். டிரெய்னரும் சட்டமும் ஸ்கூல் பக்கம் பலம். ஆட்டத்தின் தரம் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் 2015லேயே பத்து வயது வரை ஹெட்டர் கூடாது, பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை பயிற்சியில் அளவோடு என்று சொல்லிவிட்டது. நல்லதுதான். ஆனால் அப்படி வளர்ந்த பிள்ளையைப் பதினாலு வயதில் வான்வழி ஆட்டத்துக்குள் தள்ளினால், யார் அவளுக்கு முட்டக் கற்றுக்கொடுத்தார்கள்? கிளப்பில் பந்து தரையில் ஓடுகிறது. எனக்கு அதுதான் பெரிய பாதுகாப்பு.

பழைய விசில் (டல்லாஸ் பக்கம்)

விவேக் தம்பி நியாயமாகப் பேசுகிறார். நானும் ஒன்று சேர்க்கிறேன். மேல்மட்டக் கிளப் லீக்குகளில் மாற்று ஆட்டக்காரருக்கு வரம்பு உண்டு, வெளியே போனவர் உடனே திரும்ப முடியாது. தலை அடிக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் "தலையா, கழுத்தா, சும்மா மூச்சு வாங்குகிறாளா" என்று தெரியாத அந்த ஒரு நிமிடத்தில் கோச் மனதில் கணக்கு ஓடும். ஸ்கூலில் யாரையும் எடுக்கலாம், திரும்ப விடலாம். சந்தேகம் என்றால் எடுத்துப் பார்ப்பதில் கோச்சுக்கு நஷ்டமே இல்லை.

நடுவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டு அழுக்குத்தான். 2018-19க்குப் பிறகு எல்லா விளையாட்டும் சேர்த்து சுமார் ஐம்பதாயிரம் பேர் ஹைஸ்கூல் நடுவர் வேலையை விட்டுவிட்டார்கள் என்று என்எஃப்எச்எஸ்ஸே சொன்னது. பெற்றோர் கத்துவதுதான் பெரிய காரணம். கிளப்பில் கோட்டில் கொடி பிடிப்பது சில சமயம் உங்கள் மகள் வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பார்த்து நாற்பத்தைந்து வயது அப்பா ஒருவர் கத்தினால், அடுத்த முழங்கையை அது பார்த்தும் கொடியைத் தூக்காது.

கார்த்தி (பிரிஸ்கோ, டெக்சஸ்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பக்கமும் போய்க் கேட்டேன்.

ஸ்கூலில் எல்லா ஹோம் மேட்ச்சுக்கும் டிரெய்னர் உண்டு. வெளியூர் என்றால் அந்த ஸ்கூலின் டிரெய்னர் பார்த்துக்கொள்வார். ஃபுட்பாலுக்காக வைத்திருக்கும் ஐஸ் தொட்டி, கட்டில், டேப் எல்லாம் சாக்கருக்கும் கிடைக்கும். முதலில் கடைசி இருபது நிமிடம் மட்டும் இறக்கிப் பார்க்கிறேன், தேவைப்பட்டால் ஜேவி என்ற இரண்டாம் அணியில் கொஞ்ச நாள் ஆடட்டும் என்றார் கோச். 11+ பற்றிக் கேட்டதும் அவரே செய்து காட்ட ஆரம்பித்துவிட்டார்.

கிளப்பில் "வெளியூர் டோர்னமென்ட்டில் தலையில் அடிபட்டால் முடிவெடுப்பது யார்?" என்று கேட்டேன். டீம் மேனேஜர் என்றார். எங்கள் டீம் மேனேஜர் இன்னொரு பெண்ணின் அப்பா. நல்ல மனிதர், ஹோட்டல் புக் செய்வதில் கெட்டிக்காரர். மனைவி அதைக் கேட்டதும் கட்சி மாறிவிட்டார்.

ஸ்கூலில் ஆடட்டும் என்று முடிவு. சீசன் முடியும்வரை ஞாயிறு கிளப் பயிற்சி கிடையாது என்று மின்னஞ்சல் போட்டுவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. ஜூலை முழுக்க விடுமுறை, கோயம்புத்தூரில் பாட்டி வீடு. பந்து கொண்டுபோகக் கூடாது என்றதற்கு மட்டும் சண்டை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. காலுறைக்குள் வைக்கிற ஷின் கார்ட் இவளிடம் உள்ளங்கை அளவில் ஒன்று இருக்கிறது. கிளப்பில் எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்களாம். ஸ்கூலில் செல்லுமா?

பழைய விசில் (டல்லாஸ் பக்கம்)

செல்லாது. ஸ்கூல் விதிப்படி ஷின் கார்டில் நாக்சே என்ற பாதுகாப்புத் தர முத்திரையும் எத்தனை உயரம் உள்ளவருக்கு என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். கீழ் விளிம்பு கணுக்காலிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேலே போகக்கூடாது. உயரத்துக்குத் தக்கதை வாங்குங்கள், மலிவாகவே கிடைக்கும். அந்தக் குட்டித் தகட்டைப் போட்டுக்கொண்டு என் மேட்ச்சுக்கு வந்தால் நான் வெளியே அனுப்புவேன். இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டு வரக்கூடாது.